துண்டுக்குள் உருண்ட பகடை

மறைப்பு அட்டை தேவையில்லை என்று அந்த அறையில் முதலில் சொன்னவன் நான்தான். சொன்னதோடு விட்டேனா? அதைப் பிரித்து நிறுத்திப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்து எழுதாமல் இருக்க நடுவில் வைக்கிற சிலேட்டு மாதிரி இருக்கிறது என்று நக்கல் வேறு அடித்தேன். என் வாய் சும்மா இருக்காது. காலும் சும்மா இருக்காது, உட்கார்ந்தால் ஆட்டிக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டில் என்னைத் திட்டும்போது முதலில் அந்தக் காலைத்தான் திட்டுவார்கள்.

எந்த அட்டை, எந்த அறை என்று சொல்லிவிடுகிறேன். அறை, உத்தமபாளையத்தில் ஞானசிகாமணி சார் வீட்டு மாடியில் இருந்தது. சார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். நான் அவரிடம் பி.யூ.சி. படித்துக் கோட்டை விட்டவன். அவருடைய மனைவி சாராள் டீச்சர். டீச்சரின் தம்பிக்குக் கப்பலில் வேலை. எண்பத்திரண்டில் அவன் தூத்துக்குடியில் இறங்கியபோது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஒரு விதிப்புத்தகமும் ஒரு கைப்பிடி பகடையும் இருந்தன. நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம் என்று போய், இருபது முகம் வரைக்கும். அந்த இருபது முகத்தை நாங்கள் இருபதான் என்போம்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்யப் போகிறாய் என்று நடத்துகிறவர் கேட்பார். நீ வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பலகையும் இல்லை, வெட்டுக்காயும் இல்லை. வருஷக்கணக்காக ஒரே கதை ஓடலாம்.

முதல் வாரம் சார்தான் நடத்தினார். நடத்தினார் என்றால், புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாடம் நடத்தினார். நான்காவது ஆளாக நான் கூட்டிப்போயிருந்த செல்லப்பாண்டி தூங்கியே விட்டான். அவன் கம்பத்தில் எங்கள் தெருக்காரன். மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, அதனால் வந்தான். அவன் குறட்டையைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. கொடுங்கள் சார் என்று பகடையை வாங்கி, புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நானாக ஒரு நாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். மலையிலிருந்து இறங்கும் ஒரே ஆறு, அதில் ஏழு மதகு, மதகுக்கு ஒரு பாளையக்காரன், ஒருத்தனுக்கொருத்தன் ஆகாது. ஏழு மதகு நாடு. செல்லப்பாண்டி எழுந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான்தான் நடத்துகிறவன்.

அது எனக்கு என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கம்பத்தில் அண்ணனுடைய உரக்கடையில் நான் வேலை பார்க்கிறேன். முப்பத்திநாலு வயது. தேனியிலிருந்து ஏஜென்ட் போன் செய்தார், லாரி நாளைக்கு வருகிறதாம் என்று நான் சொன்னால், அண்ணன் சரி என்று கேட்டுக்கொண்டு, என் கண் முன்னாலேயே போனை எடுத்து அந்த ஏஜென்டிடம் ஒரு தடவை கேட்பார். நான் பொய் சொல்லி அவர் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் கேட்பார். ஆறு நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும், நான் மலை என்றால் மலை, மழை என்றால் மழை. படித்த வாத்தியார், பள்ளிக்கூட டீச்சர், மெட்டில் ஜீப் ஓட்டுகிறவன், மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று மணி நேரம் இல்லையென்றால் எனக்கு மற்ற ஆறு நாளும் ஓடாது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே போய் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

பகடையை நான் துண்டுக்குள்தான் உருட்டுவேன். தோளில் கிடக்கிற துண்டை மடியில் விரித்து, ஒரு நுனியால் மூடி, உள்ளே உருட்டி, நுனியைத் தூக்கி நான் மட்டும் பார்ப்பேன். மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. துண்டுக்குள் நடந்ததை வெளியாள் கேட்கக்கூடாது, எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. இவர்களும் கேட்கவில்லை. அவரவர் பகடையை அவரவர் வெளியில் போடுவார்கள். ராட்சசன், ஓநாய், வழிப்பறிக்காரன் என்று எதிராளியின் பகடை எல்லாம் என் துண்டுக்குள்.

அதில் நான் பொய் சொன்னேன். ஒளிப்பானேன்? பதினெட்டு விழுந்தால் எட்டு என்பேன். செத்துப்போகிற அடியை முழங்கையில் சிராய்ப்பு ஆக்கிவிடுவேன். மூன்று வருஷத்தில் என் நாட்டில் ஒருத்தர் சாகவில்லை. செத்தால் அவர்களுக்கு மனசு விட்டுப்போகும், அடுத்த ஞாயிறு வராமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான் காரணம். வேறு ஒரு லாபமும் எனக்கு இல்லை.

ஒரே ஒரு நாள் நான் கை வைக்கவில்லை. அதுதான் மூன்றாம் மதகு.

செல்லப்பாண்டியின் வீரனுக்குப் பெயர் கட்டாரி. அன்றைக்கு மூன்றாம் மதகில், தலைக்கு மேல் தண்ணீர் சீறுகிறது, சாருடைய மந்திரவாதி மயங்கிக் கிடக்கிறார், டீச்சருடைய திருடி மயங்கிக் கிடக்கிறாள். (டீச்சர் திருடியாகத்தான் இருப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.) கட்டாரிக்கு, அடி விழ விழக் குறைகிற உயிர்ப்புள்ளி இரண்டுதான் மிச்சம். எதிரே கல்மலை ராட்சசன். என்ன விழுந்தாலும் அடி விழும் என்ற நிலைமை. ஒன்று விழுந்தால் மட்டும் ஆயுதம் கைநழுவும். நான் துண்டுக்குள் உருட்டினேன். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நுனியைத் தூக்கினால், ஒன்று! என் கண்ணையே நம்ப முடியவில்லை. ராட்சசனின் கதாயுதம் மதகுக்குள் விழுந்து போனது. அடுத்து செல்லப்பாண்டி இருபதானைப் போட்டான். பத்தொன்பது. ராட்சசன் காலி.

செல்லப்பாண்டி அந்தக் கதையைக் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் சொல்லாத ஆள் கிடையாது. எல்லாரும் போய்விட்டார்கள், தனியாளாக நின்றேன் என்பான். ஏதோ சொந்த அனுபவம் மாதிரி சொல்வான். மற்ற டிரைவர்கள் அவனைக் கட்டாரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஜீப்பின் பின்பக்கம் சிவப்புப் பெயின்டில் அதை எழுதியும் விட்டான். சின்ன வயதிலேயே தகப்பன் இல்லாமல், ஊரில் எல்லாரிடமும் கைகட்டி நின்று டிரைவர் ஆனவன் அவன். அவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் எண்பத்தைந்து ஜனவரியில் டீச்சரின் தம்பி மறுபடி வந்து ஒரு பார்சலை இறக்கிவிட்டுப் போனான். ஆட்டத்துக்கான உபரிச் சாமான்கள். சார் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் ஒவ்வொன்றுக்கும் அபிப்பிராயம் சொன்னேன்.

அவரவர் வேஷத்துக்கு அடையாளமாக வைக்க ஈயப் பொம்மை ஒரு டஜன். குதிரைவீரன், கோடாலிக்காரன், அங்கி போட்ட கிழவன். எனக்கு ஆகவில்லை. கட்டாரி எவ்வளவு உயரம் என்று செல்லப்பாண்டி மனசுக்குள் ஒரு அளவு வைத்திருப்பான். டீச்சர் வேறொரு அளவு வைத்திருப்பார்கள். பொம்மையை வைத்ததும் கட்டாரி சுண்டுவிரல் உயரத்துக்கு இறங்கிவிட்டான். செல்லப்பாண்டிக்கோ அதைக் கீழே வைக்க மனசில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டம் போட்ட தாள்கட்டு ஒன்று. அதை நான் குறை சொல்லவில்லை. நான் வரைந்த நாட்டுப்படத்தில் இந்த வாரம் இரண்டு நாள் நடைத் தூரத்தில் இருந்த கோட்டை அடுத்த வாரம் அரைநாளில் வந்துவிடும், கட்டத்தை எண்ணினால் அந்தக் கூத்து நடக்காது. நடத்துகிறவர் தன் பகடையையும் குறிப்பையும் மறைத்துக்கொள்ள முன்னால் நிறுத்துகிற மறைப்பு அட்டையும் அதில்தான் வந்தது, அதைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கடைசியாக ஒரு தடிப் புத்தகம். ஒரு துறைமுகப் பட்டணத்தைப் பற்றி மட்டும் நூற்றிருபது பக்கம். தெருத் தெருவாக, வீடு வீடாக. சார் அதைத் தடவிக்கொண்டே, அடுத்த வாரம் இந்தப் பட்டணத்துக்குப் போவோமே, நான் நடத்துகிறேன், பேச்சிமுத்துவும் ஒரு நாள் ஆடிப் பார்க்கட்டும் என்றார். பேச்சிமுத்து என்பது நான்தான். செல்லப்பாண்டி, போலாமே சார் என்றான். டீச்சர் தலையாட்டினார்கள். புத்தகத்தை ஒரு வாரம் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். நடத்துகிறவரைத் தவிர யாரும் படிக்கக்கூடாது என்றார் சார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும், என் இடத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அந்த வாரம் நான் கடையில் இருப்பு கொள்ளாமல் திரிந்தேன். பொட்டாஷ் கேட்டவனுக்கு யூரியாவைப் போட்டேன். அண்ணன் கத்தினார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். வெள்ளைக்காரன் எழுதிய ஊரில் செல்லப்பாண்டிக்கு என்ன வேலை, பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவான், அடுத்த வாரமே என்னிடம் திரும்பி வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாரின் ஆட்டம் கவிழ வேண்டும் என்று சுருளிக்குப் போகிற வழியில் இருக்கிற பூதநாராயணனைக்கூட ஒருநாள் வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

ஞாயிறு வந்தது. சார் அட்டையை நிறுத்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். பட்டணத்து வாசல். காவல்காரன் வழி மறிக்கிறான்.

எங்கள் நாட்டில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எந்த ஊர், யாருடைய வகையறா என்பதுதான். மூன்று வருஷப் பழக்கம். நான் வேண்டுமென்றே அதைக் கேட்டேன். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது, சார் முழிப்பார் என்று கணக்குப் போட்டேன். சார் பக்கத்தைப் புரட்டினார். இவன் ரொட்டிக்கடைக்காரனின் மச்சினன், அவனோடு பேச்சுவார்த்தை இல்லை, ஏனென்றால் கல்யாணத்தில் ஒரு தகராறு என்றார். செல்லப்பாண்டி கண்ணை விரித்தான். நான் கிணற்றின் ஆழம் கேட்டேன், இருந்தது. பரிசல்காரன் பெண்டாட்டி பெயரைக் கேட்டேன், அதுவும் இருந்தது. எவனோ ஒருத்தன் முகம் தெரியாத தேசத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறான். புத்தகம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. சார் அட்டைக்குப் பின்னால் எதையும் ஒளிக்கவில்லை. உட்பக்கம் பட்டியல்கள் அச்சடித்திருந்தன, புத்தகத்தைப் புரட்டாமல் பார்க்க. பகடையை மட்டும் கையை நீட்டி அட்டைக்கு இந்தப் பக்கம், எங்கள் முன்னால் உருட்டினார். அட்டை எனக்கு, பகடை எல்லாருக்கும் என்றார். என் கால் ஆடுவது நின்றுபோனது.

பட்டணத்துக்கு மேலே பாறையில் ஒரு டிராகன் இருந்துகொண்டு மாதம் ஒரு கப்பலை எரிக்கிறது. அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று சார் கேட்டார். நாங்கள் என்ன செய்வோம், எங்கள் நாட்டில் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். பஞ்சாயத்துப் பேசப் போனோம். எந்த ராட்சசனாக இருந்தாலும் முதலில் தாம்பூலத்தட்டோடு போய் உட்கார்ந்து பேசுவோம், பாதி நேரம் நான் ஒத்துக்கொள்ள வைத்துவிடுவேன். அந்தத் தெம்பில் கட்டாரி கத்தியைக்கூட உருவாமல், தட்டில் வெற்றிலை பாக்கோடு பாறை ஏறினான்.

சார் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. இதற்கு ஒரு பகடை உண்டு என்று இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டினார். ஒன்று, ஒன்று. பட்டியலில் அதற்கு, பேசவே விடாமல் தாக்கும் என்று இருந்தது. நெருப்பு. செல்லப்பாண்டி தப்பிக்க இருபதானில் பதினாலுக்குக் குறையாமல் போட வேண்டும். ஒன்பது விழுந்தது. அடிக்கு சார் பகடைகளை உருட்டி எல்லார் முன்னாலும் கூட்டினார். இருபத்தேழு. கட்டாரியின் உயிர்ப்புள்ளி இருபத்திரண்டு.

சார் இரண்டாவது தடவையும் கூட்டிப் பார்த்தார். அதே இருபத்தேழு.

"செத்துட்டானா சார்?" என்று கேட்டான் செல்லப்பாண்டி.

சார் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம்ப்பா என்றார். டீச்சர் காபி போடக் கீழே போனார்கள். நான் உள்ளுக்குள் துள்ளினேன். பார்த்தாயா, ஒரே நாளில் கொன்றுவிட்டார், இனி இவன் இங்கே சாரிடம் ஆடுவானா? இந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். சட்டைப்பையிலிருந்து அந்த ஈயப் பொம்மையை எடுத்து அவன் பாயில் படுக்கவைத்தபோது அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

ஆனால் அவன் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீச்சர் நாலு டம்ளரோடு வந்து வைத்தார்கள்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு சார்," என்றான். "இத்தன நாள்ல இன்னக்கித்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. மெட்டுல பிரேக் பிடிக்காமப் போனப்பக்கூட இப்படி இல்ல."

பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. நம்ம நாட்டுல ஏன் ஒருத்தரும் சாகல?"

சார், இப்போ எதற்கு அது என்று தடுத்தார். பரவாயில்லை சார் என்று நான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல முடியவில்லை. பாயில் பகடைகள் வெளியே கிடக்கும்போது எப்படிச் சொல்வது? பல தடவை மாற்றிச் சொன்னேன், நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்று பயம் என்றேன்.

சாருக்கு அது புதுச் செய்தி. டீச்சர் மட்டும், முதல் வருஷமே தனக்குத் தெரியும் என்றார்கள். "நுனியத் தூக்கிப் பாத்ததும் உங்க மூஞ்சி காட்டிக் குடுத்துரும். கத நல்லா இருந்துச்சு, அதான் கேக்கல," என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

செல்லப்பாண்டி காபியைத் தொடவில்லை.

"அப்ப மூணாம் மதகு?" என்றான்.

இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. முழங்காலில் நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது நெசம்டா. அன்னக்கி ஒண்ணுதான் விழுந்துச்சு. நான் கை வைக்கல. எங்க ஆத்தா மேல சத்தியமா."

"சரிண்ணே."

"சரிங்காத. நம்புறியா இல்லயா, அதச் சொல்லு."

"நம்புறேண்ணே," என்றான். உடனே, மிக உடனே சொன்னான். கையை விடுவித்துக்கொண்டு என் டம்ளரை எடுத்து என்னிடமே நீட்டினான்.

நான் விடவில்லை. அந்த ஒன்று எப்படி விழுந்தது, எந்த மூலையில் உருண்டு நின்றது, நான் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரே, அன்றைக்கு என் முகம் என்ன சொன்னது, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். டீச்சர் சாரைப் பார்த்தார்கள். அன்றைக்குத் தன்னுடைய திருடி மயங்கிக் கிடந்ததால், ஆட வேலையில்லாமல் முறுக்கு எடுக்கக் கீழே போயிருந்ததாகச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல என் வாயில் அது பொய் மாதிரியே ஒலித்தது. இத்தனை ராட்சசர்களை நம்பும்படிச் சொன்ன வாய் எனக்கு. நடந்த ஒன்றைச் சொல்ல வரவில்லை.

செல்லப்பாண்டி கடைசிவரை தலையாட்டிக் கேட்டான். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. பெரிய மனுஷன் ஒருத்தன் உளறும்போது நாம் இருப்போமே, அப்படி இருந்தான்.

"விடுங்கண்ணே," என்றான் முடிவில். "எங்களுக்காகத்தான செஞ்சீக. அடுத்த வாரம் நீங்களே நடத்துங்க, நான் கட்டாரிக்குப் பதிலா வேற ஆளு ஒருத்தன எழுதிட்டு வாரேன். துண்டுக்குள்ளயே உருட்டுங்க. நாங்க கேக்க மாட்டோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் என் முதுகில் கை வைத்தான். தப்புச் செய்தவன் அழுகிறான் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.